கம்பி வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே அகிழான்

ஏப்பிரலில் கடைசிப் பனி உருகி ஓடிய மறுநாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு பின்கதவைத் திறந்த ஜெனாட் புல்தரையின் குறுக்கே கோடுகள் ஓடுவதைக் கண்டாள். வேலியோரம் தொடங்கிய ஒரு கோடு மேப்பிள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எதையோ மறந்துவந்த ஆளைப்போலப் பாதி தூரம் திரும்பிப் போய், பிறகு மனம் மாறி வீட்டுப் பக்கம் வளைந்து வந்து, படிக்கட்டுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தது. போர்வைக்குள் யாரோ காலை நீட்டிப் படுத்திருந்தால் மேலே எப்படித் தெரியுமோ அவ்வளவுதான் மண் புடைத்திருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. ஈரக் குளிர் உள்ளங்காலில் ஏறியது. புடைப்பின் மேல் ஒரு காலை வைத்ததும் மண் புசுக்கென்று உள்ளே இறங்கியது. கீழே வெறுமை. இன்னோர் அடி வைத்தாள். மறுபடியும் புசுக். அப்படியே கோட்டின் மேல் நடந்து மரத்தைச் சுற்றி வந்தபோது கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அன்றைக்கு அவளுக்குக் கோபமே வரவில்லை. கோபம் பிறகுதான் வந்தது.

ஜெனாட்டுக்கு ஐம்பத்து நான்கு வயது. மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் கலியாணம் பேசி, மோதிரம் அனுப்பிக் கனடாவுக்கு எடுப்பிக்கப்பட்டவள். விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடு வந்த மாப்பிள்ளை, மூன்றாம் கிழமை, தனக்கு வேறொருத்தியில் விருப்பம் இருப்பதை அழுது அழுது சொன்னான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. "அப்ப அவவையே கட்டுங்கோ. அதுக்கேன் அழுறியள்?" என்று சொல்லிவிட்டு, இன்னும் அவிழ்க்காத பெட்டியோடு அண்ணன் சீமோனிடம் போனாள். ஊரில் சண்டை, திரும்பிப் போக வழியில்லை. சீமோனுக்குக் கலியாணமாகிப் பிள்ளைகள் பிறந்ததும் அவள் தனியே அறை பார்த்தாள். தனியாள் ஒருத்திக்கு அறை என்றால் அது யாருடையதோ வீட்டின் பேஸ்மென்ற்தான்.

அப்படி ஏழு பேஸ்மென்ற்களில் இருபத்தெட்டு வருடம் இருந்தாள். ஒவ்வொன்றிலும் கூரையை ஒட்டினாற்போல ஒரு சின்ன யன்னல் இருக்கும். அதற்கு வெளியே தெரிவது புல்லின் அடி. கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தால் புல் காடுபோல உயர்ந்து நிற்கும். வெயில் அதற்குள்ளால் பச்சையாக வடிந்து சுவரில் விழும். மழை நாட்களில் துளிகள் தன் கண் மட்டத்துக்கும் மேலே விழுந்து தெறிப்பதைப் பார்த்தபடியே உறங்கிப்போவாள். வீட்டுக்காரர் புல்லு வெட்டும்போது மெசினின் சக்கரங்கள் அவள் தலைமாட்டுக்கு மேலால் உருண்டு போகும். இதையெல்லாம் கஷ்டமென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்றைக்காவது ஒருநாள் அந்தப் புல்லை மேலே நின்று பார்க்கவேண்டும் என்று மட்டும் ஓர் ஆசை இருந்தது.

வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில். இருபத்தாறு வருடமாக அதே வேலை. நகர்ந்துகொண்டேயிருக்கும் பட்டியின் முன்னால் நின்று, வந்து வந்து போகும் தட்டுகளில் ஒரு பணிஸ், ஒரு வெண்ணெய்க் கட்டி, ஒரு துண்டுக் கேக் வைக்கவேண்டும். லண்டனுக்கு இத்தனை, பிராங்பேர்ட்டுக்கு இத்தனை. மத்தியானத்துக்குச் சற்று முந்தி ஸ்காபரோவிலிருந்து ஒரு வான் வண்டி அவளையும் இன்னும் ஆறு பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகும். நெடுஞ்சாலையில் வான் ஊரும்போது அவள் பாதி விழிப்பிலும் பாதி நித்திரையிலும் இருப்பாள். ஆனால் காலை நேரம் முழுவதும் அவளுடையது.

போன செப்ரெம்பரில்தான் சீமோனும் சேர்ந்து கையெழுத்து வைக்க, இந்த வீடு அவளுக்குக் கிடைத்தது. ஒற்றைச் சுவரை நடுவில் வைத்து இரண்டு குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டின் ஒரு பாதி. முன்னால் தெரு. பின்னால் ஒடுங்கி நீண்ட புல்தரை. அதற்கும் அப்பால் மின்சாரக் கோபுரங்கள் வரிசையாக நடந்து போகிற அகன்ற புல்வெளி. அதன் பள்ளத்தில் ஓர் ஓடை. "பேஸ்மென்றை வாடகைக்கு விடடி, ஒரு உதவியாயிருக்கும்" என்று சீமோன் பலமுறை சொல்லிப் பார்த்தான். "உதுக்குள்ளை நான் ஒருத்தரையும் இருத்தமாட்டன்" என்றுவிட்டாள். இலையுதிர் காலம் முழுவதும் புல்லில் விழுந்த மேப்பிள் இலைகளைக் கையாலேயே பொறுக்கினாள். மொட்டையாய்க் கிடந்த இடங்களில் முழங்காலிட்டு விதை தூவினாள். காலையில் சும்மா போய் நடுவில் நிற்பாள். நிற்பது ஒன்றுதான் வேலை.

அந்தப் புல்தரையில்தான் இப்போது ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கோடு விழுந்தது. ஒரு கிழமைக்குள் கோடுகளோடு மண்மேடுகளும் சேர்ந்தன. சோற்றுக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்ததுபோல, கறுப்பு மண். கோடுகளின் மேலே புல் வைக்கோல் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. அவள் விதைத்த இடம் ஒன்று முழுவதுமாகப் பெயர்ந்து, கையால் தூக்கினால் பாயைப்போலச் சுருண்டு வந்தது. அன்றைக்குத்தான் கோபம் வந்தது. மண்வாரும் சவளை எடுத்துவந்து மேடுகளை ஓங்கி ஓங்கி அறைந்தாள்.

"தங்கச்சி, உது அகிழான்" என்று ஒரு குரல் கேட்டது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டின் மற்றப் பாதிக்குச் சொந்தக்காரரான சச்சிதானந்தன் நின்றார். கொக்குவில்காரர். அறுபத்தொரு வயது. பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய புல்தரை கம்பளம். களை இல்லை, மேடு பள்ளம் இல்லை, ஓரங்கள் கத்தியால் சீவினாற்போல. இந்த எட்டு மாதத்தில் இருவரும் தலையசைத்ததைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை.

"அகிழானெண்டா எலியோ, அண்ணை?"

"எலி இல்லை. அந்த மாதிரிச் சாமான். இங்கிலிசிலை மோல் எண்டுவினம். அது புல்லுத் தின்னாது, வேரும் தின்னாது. மண்புழுவும் வண்டுப் புழுவும்தான் சாப்பாடு. அதைத் தேடித்தான் உப்பிடி வழி வெட்டிக்கொண்டு திரியுது."

"தின்னாதெண்டா விட்டிட்டுப் போகலாமே?"

"வேர் அந்தரத்திலை தொங்கினா புல்லுச் செத்துப்போம்." அவர் தன் தரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பேந்து அது என்ரை பக்கமும் வரும். ஏதாவது செய்யுங்கோ, தங்கச்சி."

அவர் குரலில் மரியாதை இருந்தது. ஆனால் அகிழானை அவளே வளர்த்து அவிழ்த்துவிட்டதுபோன்ற ஒரு தொனியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சீமோன் பிறம்ரனிலிருந்து வந்தான். பெரிய லொறி ஓடுகிறவன். எதையும் ஓர் இரும்புச் சாமானால் தீர்க்கலாம் என்று நம்புகிறவன். அவன் கொண்டுவந்த பொறிக்கு நண்டின் கொடுக்குகளைப்போல இரண்டு சோடிக் கைகள் இருந்தன. "எல்லா வழியையும் மிதிச்சு அமத்து. நாளைக்கு எது திரும்ப எழும்பியிருக்கோ, அதுதான் அவன்ரை றோட்டு. அதுக்குள்ளை வை" என்றான். அவள் அப்படியே மிதித்தாள். மறுநாள் காலை, வேலியோரத்துக் கோடு மட்டும் மெதுவாக முதுகை உயர்த்தியிருந்தது. சீமோன் போனில் சொல்லச் சொல்ல, கொடுக்குகளை விரித்து, மண்ணுக்குள் பொறியை இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்குப் பட்டியின் முன்னால் அவளுக்குக் கை ஓடவில்லை. வெண்ணெய்க் கட்டி வைக்கவேண்டிய இடத்தில் இரண்டு பணிஸ் வைத்தாள். கண்ணை மூடினால், மண்ணுக்குள்ளே மிருதுவான இருட்டில் ஒரு சின்ன உடம்பு நீந்திப் போவது தெரிந்தது. கைகளால் மண்ணைப் பக்கத்துக்குத் தள்ளித் தள்ளி, கடலுக்குள் ஆமை போவதுபோல. அதற்கு முன்னால் இரும்பு வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நிரூபா, "என்னக்கா, சுகமில்லையோ?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பொறி மூடியிருந்தது. மேலே இழுத்தபோது கொடுக்குகளுக்கு நடுவில் ஒரு பிடி மண் மட்டுமே இருந்தது. மண்ணை விரல்களால் உதிர்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவள் பொறியைக் கழுவித் துடைத்து ஒரு பையில் கட்டினாள்.

"இன்னொருக்கா வையடி" என்றான் சீமோன் போனில்.

"வேண்டாம், அண்ணா. நீ வந்து எடுத்துக்கொண்டு போ."

"அப்ப புல்லு?"

அந்தக் கேள்வியை அவள் வேலைக்குக் கொண்டுபோனாள். பதிலைச் சொன்னவள் நிரூபா. ஆமணக்கெண்ணெயைக் கோப்பை கழுவும் சோப்போடு அடித்துக் கலக்கி, பூவாளியால் தெளித்தால் அகிழான் அந்தப் பக்கம் தலைகாட்டாதாம்.

"ஆமணக்கெண்ணெயோ? அது வயித்தைக் கழுவக் குடுக்கிறதெல்லோ?"

"அதுக்கும் வயிறு இருக்குத்தானே அக்கா. அந்த நாத்தம் மண்ணுக்குள்ளை இறங்கினா அதுக்குப் பிடிக்காதாம், புழுவும் ருசிக்காதாம். சாகாது. வேறை இடம் போயிடுமாம்."

சாகாது என்ற சொல் ஜெனாட்டுக்குப் போதுமாக இருந்தது. தமிழ்க் கடையில் இருந்த போத்தல்களையெல்லாம் வாங்கிவந்தாள். சனிக்கிழமை காலை தரை முழுவதும் தெளித்து, மேலால் தண்ணீரும் விட்டாள். நாலு நாளில் கோடுகள் ஓய்ந்தன. மிதித்த இடங்கள் மிதித்தபடியே கிடந்தன. ஐந்தாம் நாள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, தரை முன்பைவிடக் கனத்துக் கிடப்பதுபோல, ஒரு மூச்சு நின்றுபோனதுபோலத் தோன்றியது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது.

சச்சிதானந்தனின் கம்பளத்தின் நடுவே மூன்று கோடுகள் ஓடியிருந்தன. அவர் அவளைப் பார்த்தார், உள்ளே போனார், கார் வெளிக்கிடும் சத்தம் கேட்டது. அன்று பின்னேரத்துக்குள் அவர் ஏதோ குறுணியைப் புல் முழுவதும் தூவியிருந்தார் போலும். இரண்டே நாளில் அகிழான் ஜெனாட்டின் பக்கம் திரும்பிவந்து மேப்பிள் மரத்தடியில் புதுமேடு ஒன்று எழுப்பியது. அவள் மறுபடி எண்ணெய் கலக்கினாள். அது மறுபடி அவரிடம் போனது. அவர் மறுபடி குறுணி தூவினார். மே மாதத்து முதற் கிழமைகள் இப்படிக் கழிந்தன. மூன்றாம் தடவை, இருவரும் ஒரே காலையில், ஒரே நேரத்தில், வேலியின் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"என்ன போடுறியள், தங்கச்சி?" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"ஆமணக்கெண்ணெய். நீங்கள் என்ன போடுறியள், அண்ணை?"

அவர் பைக்கற்றை எடுத்துவந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் ஒரு மாதிரியானது. "இதுவும் ஆமணக்கெண்ணெய்தான். குறுணியாக்கி விக்கிறாங்கள்."

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் உந்தச் சீவனைப் பந்து மாதிரி அங்கையும் இஞ்சையுமெல்லோ அடிச்சுக்கொண்டு நிக்கிறம்?"

சச்சிதானந்தன் சிரிக்கக்கூடியவர் என்பது ஜெனாட்டுக்கு அன்றுவரை தெரியாது. முதலில் அவருடைய தோள்கள்தான் சிரித்தன. பிறகு பைக்கற் கையிலிருந்து விழுந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று சிரித்தார்.

அடுத்த நாள் ஒரு கடதாசியோடு வந்தார். பஸ் ஓடிய பழக்கமோ என்னவோ, இரண்டு வீட்டு வளவையும் வரைந்து அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தார். முழுத் தரையிலும் ஒரேயடியாகப் போடுவதுதான் பிழை என்றார். வீட்டுச் சுவரோரம் முதலில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு பட்டை. இரண்டு வளவிலும் ஒரே காலையில். ஆறேழு நாள் பொறுத்து அதற்கு அடுத்த பட்டை. இப்படிப் பின்னுக்குப் பின்னுக்குப் போனால், அகிழானுக்குப் பின்னால் இருக்கிற வெளியைத் தவிர வேறு வழி கிடையாது. "விரட்டக் கூடாது. வழியைக் காட்டவேணும்" என்றார்.

அந்தக் கிழமை தொடங்கினார்கள்.

பிறகு வந்த காலைகளை ஜெனாட்டால் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நீளமான காலையாகத்தான் அவள் நினைவில் இருக்கின்றன. ஓடைப் பக்கமிருந்து மூடுபனி எழும்பி மின்கோபுரங்களின் இடுப்புவரை நிற்கும். கோபுரங்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதுபோலத் தெரியும். புல்லெல்லாம் பனித்துளி. வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர், இருவர் கையிலும் பூவாளி. அவர் தன் குறுணியை விட்டுவிட்டு அவளுடைய கலவைக்கே மாறியிருந்தார். எண்ணெய்த் தண்ணீர் விழுந்த இடத்தில் பனித்துளிகள் ஊதாவும் பொன்னுமாக மினுங்கி அணையும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மெல்ல நடப்பார்கள். இருவரும் ஒரே வேகத்தில் நடக்கிறார்கள் என்பதை அவள் சில நாள் கழித்துத்தான் கவனித்தாள். பட்டை போடாத காலைகளிலும் வந்தார்கள். கோடுகளை மிதித்து அமர்த்தவேண்டும், மறுநாள் எது எழும்பியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று காரணம் இருந்தது.

பேச்சு தானாக வந்தது. ஆறு வருடத்துக்கு முந்தி மனைவி நாகேஸ்வரி தவறிய பிறகு வீட்டுக்குள் இருக்க ஏலாமல்தான் புல்லில் இறங்கினார் என்றும், அதற்கு முன் புல்லு வெட்டச் சொன்னாலே எரிந்து விழுவார் என்றும் அவர் சொன்னார். மகள் விட்பி நகரில். "வா எண்டு கூப்பிடுறாள். போனா அவளின்ரை புல்லு. அது என்ரை புல்லு மாதிரி வராது" என்றார். நீ ஏன் கலியாணம் கட்டவில்லை என்று ஜெனாட்டிடம் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவர் கேட்கவேயில்லை. விமானத்துக்குள் சாப்பாடு எப்படிச் சூடாக இருக்கிறது என்றுதான் கேட்டார். அவள் அதை விளக்கிச் சொல்ல, பூவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

வானுக்குள் கண்ணயரும்போது இப்போதெல்லாம் அவளுக்கு ஒரே கனவு. அவர்கள் இருவரும் நடக்க, கீழே, சரியாக அவர்களுக்கு நடுவில், வேலியின் நிழலில் அதுவும் நடந்துகொண்டிருக்கும். அதற்குத் தலைக்கு மேலே இரண்டு சோடிக் கால்களின் சத்தம் கேட்கும். அது நின்றால் இவர்களும் நிற்பார்கள்.

மூன்றாம் பட்டை போடவேண்டிய காலை சச்சிதானந்தன் வரவில்லை. அவள் தன் பக்கத்தைத் தெளித்து முடித்துவிட்டுக் காத்திருந்தாள். மூடுபனி கலைந்து வெயில் வந்தது. பூவாளியைத் தூக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய், அவர் வீட்டு மணியை அடித்தாள். கனநேரம் கழித்து உள்ளேயிருந்து, "கதவு திறந்துதான் இருக்கு, வாங்கோ" என்று சத்தம் வந்தது.

அவர் இருக்கை அறையில், யன்னலுக்குக் கிட்ட, நிலத்தில் மல்லாந்து கிடந்தார். முதுகின் அடியில் நாரி பிடித்துவிட்டது. "பஸ் சீற் தந்த பரிசு. ரெண்டு மூண்டு நாள் உப்பிடிக் கிடந்தா விடும். மகளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார். பிறகு கவலையோடு, "பட்டை?" என்று கேட்டார்.

"அதை நான் பாக்கிறன். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

அவள் போய்ப் பாணும் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். பின்கதவால் அவர் புல்லில் இறங்கினாள். அந்தப் பக்கத்தில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தன் வளவை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தபோது அது வேறு யாருடையதோ போல, அழகாக இருந்தது. யன்னலுக்குள் சச்சிதானந்தன் கதிரைக் காலைப் பிடித்து ஒருவாறு எழும்பி, யன்னல் விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டிருந்தார். அவள் எங்கே தெளிக்காமல் விட்டாளோ அங்கே விரலை நீட்டிக் காட்டினார்.

கடைசி மூலைக்கு வந்தபோதுதான் அது நடந்தது. அவளுடைய காலுக்கு இரண்டடி முன்னால் புல் அசைந்தது. காற்றில்லை. மண் ஒரு விரலளவு உயர்ந்து, பிளந்து, அதற்குள்ளிருந்து ஒரு பூ வெளியே வந்தது. இளஞ்சிவப்பு நிறம். சுற்றிவர மெல்லிய இதழ்கள். அந்த இதழ்கள் துடித்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக, பிள்ளைகள் பியானோ பழகும் விரல்களைப்போல, மண்ணையும் புல்லையும் காற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. பூவுக்குப் பின்னால் கறுப்பு வெல்வெற் உடம்பு ஒன்றும், உடம்புக்குப் பெரிதான இரண்டு உள்ளங்கைகளும் இருப்பது பிறகுதான் அவள் கண்ணுக்குப் பட்டது. மூக்குத்தான் அது. மூக்கு நுனியில் ஒரு நட்சத்திரம். அது அவளிருந்த திசையில் தன் நட்சத்திரத்தைத் திருப்பி, ஒரு நொடி, இரண்டு நொடி, அவளையும் தொட்டுப் பார்ப்பதுபோல நின்றது. ஜெனாட் மூச்சு விடவில்லை. பிறகு மண் மூடிக்கொண்டது.

அவள் யன்னலைத் திரும்பிப் பார்த்தாள். சச்சிதானந்தன், 'என்ன?' என்று தலையை ஆட்டினார். அவர் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்காது. கத்திச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கீழே அதற்குக் கேட்டுவிடும். பூவாளியை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மூக்கடியில் குவித்து, பத்து விரல்களையும் விரித்து மெல்ல ஆட்டிக் காட்டினாள். அவருக்கு விளங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு, தலையை அங்குமிங்கும் திருப்பி, இன்னும் நன்றாக ஆட்டிக் காட்டினாள். ஐம்பத்து நான்கு வயதுப் பெண், அடுத்த வீட்டுக்காரரின் புல்லின் நடுவில், காலை வெயிலில், மூக்கில் பூப்பூத்து நின்றாள். கண்ணைத் திறந்தபோது யன்னலில் அவர் முகம் இல்லை. பயந்துபோய் உள்ளே ஓடினாள். அவர் நிலத்தில் கிடந்து, ஒரு கையால் நாரியைப் பிடித்தபடி, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கண்டனீங்களோ? உண்மையா அதைக் கண்டனீங்களோ, ஜெனாட்?"

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்பது, வானில் ஏறி மிசிசாகா நெருங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

யூன் நடுவில் ஒரு பெருமழை வந்து இரண்டு பட்டைகளைக் கழுவிக்கொண்டு போனது. அகிழான் மகிழ்ச்சியோடு வீட்டுப் பக்கம் திரும்பிவந்து ஒரு மேட்டைப் போட்டது. அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். அதற்காக இருவரில் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மழைக்குப் பின் வந்த பட்டைகளை இன்னும் அவசரமில்லாமல்தான் போட்டார்கள். யூலைக் கடைசியில் கடைசிப் பட்டை, பின்வேலியை ஒட்டியது. அதைப் போட்டு ஐந்தாம் நாள் காலை, மிதித்த கோடுகளில் ஒன்றுகூட எழும்பவில்லை. பின்வேலியில் கையை ஊன்றி இருவரும் அப்பாலே பார்த்தார்கள். யாரும் வெட்டாத, முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவில், ஓடையை நோக்கி ஒன்று, அதற்கப்பால் ஒன்று, இன்னும் தள்ளி ஒன்றென்று ஈரம் காயாத கறுப்பு மண்மேடுகள்.

"போயிட்டுது" என்றார் சச்சிதானந்தன்.

"ஓம். போயிட்டுது" என்றாள் ஜெனாட்.

அவளுக்குச் சந்தோசம்தான். ஆனாலும் பெரிய கூட்டம் வந்து போன வீட்டில் கதிரைகளை அடுக்கும்போது வருகிற ஒன்று நெஞ்சில் வந்தது. இனிக் காலையில் இறங்கிவரக் காரணம் ஒன்றுமில்லை. மறுநாள் அவள் பூவாளியில்லாமல் இறங்கினாள். அவரும் கையை வீசிக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் வேலியைப் பார்த்தார்கள்.

"செத்த இடத்துக்கெல்லாம் விதை போடவேணும்" என்றார் அவர். "ஓகஸ்ட் கடைசிதான் திறம். அதுக்கு மண்ணை இப்பவே கொத்திவிடவேணும். ரெண்டு பக்கமும்."

"ஓம், கொத்தவேணும்."

"ஒவ்வொரு முறையும் நீங்கள் முன்பக்கத்தாலை சுத்தி வரவேண்டிக் கிடக்கு." அவர் கம்பி வேலியின் ஒரு கண்ணுக்குள் விரலை விட்டு எடுத்தார். "வந்து போக இதிலை ஒரு படலை போடட்டோ?"

மேப்பிள் மரத்தடியில் ஒரு றொபின் குருவி மண்புழு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தது. அது இழுத்து முடியும்வரை ஜெனாட் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போடுங்கோ. ஆனா பூட்டுற கொளுவி என்ரை பக்கம் இருக்கவேணும்."

"அதுதானே முறை" என்றார் அவர்.

அவள் 'அண்ணை' என்று சேர்க்காமல் பேசத் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளால் எண்ணிச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொறியை எடுத்துப்போக வந்த சீமோன், அறுத்த வேலியையும், நட்ட புதுக் கட்டைகளையும், அங்கே நின்ற சச்சிதானந்தனையும் பார்த்துவிட்டு, தங்கச்சியின் முகத்தையும் பார்த்தான். "ஆர் உந்த மனுசன்?" என்றான். "சச்சி. அகிழானை நாங்கள் ரெண்டுபேரும்தான் அனுப்பினனாங்கள்" என்றாள். அவன் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அதற்குள் மண்வெட்டியை அவன் கையில் கொடுத்து, கொத்தவேண்டிய இடத்தைக் காட்டினாள். லொறிக்காரன் மத்தியானம்வரை கொத்தினான்.

படலை ஓகஸ்ட் கடைசிக்கு முடிந்தது. தேவதாரு மரம், அவரே இழைத்து, எண்ணெய் பூசியிருந்தார். விதை போடவேண்டிய காலை, ஒரு பையில் விதையும், கையில் வாரியுமாக சச்சிதானந்தன் அந்தப் பக்கம் வந்து நின்று, திறந்த வெளியில் ஆளையாள் நன்றாகத் தெரிந்தபோதும், படலையில் மூன்று தரம் தட்டினார்.

"வரலாமோ?"

ஜெனாட் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வந்து, கொளுவியைத் தூக்கினாள். பிறகு இருவரும் சுவரோரத்திலிருந்து தொடங்கி, ஆளுக்கொரு கைப்பிடியாக, புல்விதையைத் தூவிக்கொண்டு பின்னுக்குப் போனார்கள்.